முண்டாசோடு எடுத்த அளவு

என் தலை பின்பக்கம் தட்டை. காதுகளுக்கு மேலே இரு பக்கமும் அகலம். என்னைப் பெற்ற பத்தாம் நாள் அம்மா ஜுரத்தில் போய்விட்டாள். பச்சைப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும்போது உள்ளங்கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, தலையை நாலா பக்கமும் உருட்டிப் பிடித்து விடுவார்கள். மண்டை ஓடு இளசாக இருக்கிற அந்தச் சில மாதத்துக்குள் பிடித்தால்தான் உருண்டையாக வரும். எனக்கு அதைச் செய்ய ஆள் இல்லை. என்னை வளர்த்த அத்தைக்குத் தன் கைப்பிள்ளை ஒன்று இருந்தது. என்னை மல்லாக்கக் கிடத்தினால் மறுபடி பாலுக்குத் தூக்குகிற வரை அப்படியே கிடப்பேனாம். அத்தை பிற்பாடு இதைச் சொல்லும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் படித்தேன். எனக்கு முன்னால் உட்காரச் சொன்னால் பயம். பின்னால் இருக்கிறவன் சிலேட்டை என் பிடரியில் சாய்த்து நிறுத்திவிட்டு மற்றவர்களுக்குக் காட்டுவான். விழாமல் நிற்கும். வாத்தியாரும் ஒரு தரம் சிரித்தார். படிப்பு நின்றதற்கு அது மட்டும் காரணம் இல்லை, ஆனால் நின்றபோது எனக்கு வருத்தம் இல்லை. வேலைக்குப் போன நாள் முதல் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டேன். பாலக்கரைப் பக்கம் ஒரு மோட்டார் ஷெட்டில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் வரை என் மனைவிகூட வெளிச்சத்தில் என் தலையைச் சரியாகப் பார்த்ததில்லை. முடி வெட்டிக்கொள்ள உறையூரில் ஒரே ஒரு ஆளிடம்தான் போவேன். அவர் அதிகம் பேசாதவர்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் ஒரு ஹெல்மெட்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சுதந்திரப் போராட்டக்காரர்கள் தந்திக் கம்பிகளையும் டெலிபோன் கம்பிகளையும் அங்கங்கே அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் சர்க்கார் கடிதங்களைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. கண்டோன்மெண்டில் ஒரு பங்களாவில் ஆபீஸ். ஷெட்டில் வண்டிகளைப் பழுது பார்த்து ஓட்டிப் பார்த்துப் பழகியிருந்த என்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என்னோடு இன்னொருவரையும் எடுத்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் பழைய டவுனில் குடியிருந்தவர். ஒரு தோல் வியாபாரியிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பழைய வண்டிகள். ஸ்ரீரங்கம், ஜீயபுரம், துறையூர் என்று எந்தப் பக்கம் கவர் போகவேண்டுமோ அந்தப் பக்கம் போவோம்.

பாய்க்கு வாய் ஓயாது. நான் பேசாதவன் என்பதால் அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். வண்டி எங்கேயாவது நின்றுவிட்டால் நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவர் பக்கத்தில் குந்தி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய தலை நல்ல பெரிய தலை. நீளமானது. எப்போதும் மழித்து, மேலே வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார்.

வேறு ஏதோ ஜில்லாவில் எங்களைப் போல ஓட்டிய ஒருவன் விழுந்து மண்டை உடைந்து செத்தான் என்று சொன்னார்கள். உடனே மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஹெல்மெட் இல்லாமல் யாரும் வண்டியை எடுக்கக்கூடாது. சில நாளில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் மூன்று ஹெல்மெட். காகிதக் கூழையும் தக்கையையும் வைத்து அழுத்திச் செய்தது. கெட்டியாக இருந்தாலும் கனம் இல்லை. காதை மறைக்கத் தோல் மடல், தாடைக்குக் கீழே மாட்ட ஒரு வார். மூன்றில் ஒன்று பெரிது, இரண்டு சின்னது.

ஸ்டோர் குமாஸ்தா அளவு நாடாவோடு வந்தார். தலையைச் சுற்றி அளந்து, அங்குலத்தைப் புஸ்தகத்தில் எழுதி, அதற்கேற்ற தொப்பியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது உத்தரவு. வராந்தாவில் ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். முண்டாசை அவிழ்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். கை மேலே போகவில்லை. குமாஸ்தாவுக்கு அவசரம். அவர் முண்டாசுக்கு மேலேயே நாடாவைச் சுற்றினார். எழுதினார். பெரியதை என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது பாய். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். அளந்து பார்த்தால் அவருக்கும் பெரியதுதான் வேண்டும். அதை எடுத்துத்தான் எனக்குக் கொடுத்தாகிவிட்டதே. குமாஸ்தா புஸ்தகத்தைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் பழகிவிடும் என்று சொல்லிச் சின்னதில் ஒன்றைக் கொடுத்தார். பாய் அதைப் போட்டுப் பார்த்தார். தலைக்குள் இறங்கவில்லை. உச்சியில் நின்றது. வாரை இழுத்தால் தாடையின் ஓரம் வரைதான் வந்தது.

“பால் கறக்குற செம்பைக் கவுத்த மாதிரி இருக்கு” என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பெரிய தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அங்கே யாரும் இல்லாதபோது முண்டாசை அவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் சரியாக இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. தலையை ஆட்டினால் தொப்பி கண்ணுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டியைக் கிழித்து, சுமை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கிற சும்மாடு போலச் சுருட்டி, பின்பக்கத்துத் தட்டையான இடத்தில் வைத்து அழுத்தினேன். நின்றது. மறுநாள் முதல் வீட்டிலிருந்தே ஹெல்மெட்டோடு புறப்படுவேன். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் மறைவாக முண்டாசுக்கு மாறிக்கொள்வேன். இப்படி ஒருவரும் என் தலையைப் பார்க்காமல் நாட்கள் போயின.

பாய் வாரை மாட்டமுடியாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினார். காற்று அடித்தால் ஒரு கையால் தொப்பியை அமுக்கிப் பிடிப்பார். ஒரு நாள் ஜீயபுரம் போகிற வழியில் என் வண்டி நின்றுவிட்டது. வாழைத் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாய் தன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

“தொழுது தொழுது நெத்தியில தழும்பு வரணும்னு எங்க அத்தா சொல்லுவாரு. எனக்குத் தொப்பியால வருது. மறுமையில கேட்டா என்னத்தைச் சொல்றது?” என்றார்.

நான் சிரித்தேன். அவர் கொஞ்ச நேரம் என் தலையில் இருந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு நாளைக்கு மாத்திப் போட்டுப் பாப்பமா?”

“எனக்கு இதான் அளவா இருக்கு பாய்.”

“ஆடுற மாதிரி இருக்கே.”

“ஆடல.”

“சரி. உள்ள மூளை ஜாஸ்தி போல” என்று சொல்லிவிட்டு எழுந்து வேலை முடிந்தவர் போலக் கையைத் தட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டதே போதாதா என்றும் நினைத்திருக்கிறேன்.

மாற்றுவது என்றால் அவர் எதிரில் கழற்றவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவருக்குக் கேலி செய்கிற சுபாவம் உண்டு. ஆனால் அது யாரையும் நோகடிக்கிற கேலி இல்லை. இதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை டவுனில் பள்ளிவாசலுக்கு எதிரே வண்டிகளை நிறுத்திவிட்டு அவர் ஜும்மா தொழுகைக்கு உள்ளே போனார். நான் காவலுக்கு நின்றேன். அவருடைய ஹெல்மெட் வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைகளெல்லாம் அடைத்திருந்தன. நான் அதை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் போய் என் தலையில் போட்டுப் பார்த்தேன். காதுக்கு மேலே கிடுக்கி போட்ட மாதிரி இறுக்கியது. ஆனால் கீழே வரை இறங்கியது. பிடரியில் ஒட்டி உட்கார்ந்தது. வார் எட்டியது, கொக்கி மாட்டியது. உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தக்கையை ஒரு நெல் கனம் சீவினால் எனக்குச் சரியாகிவிடும். சீவுவதற்கு என் பையிலேயே உளி இருந்தது. என்னுடையது அவருக்கு அப்படியே பொருந்தும்.

நான் அதைக் கழற்றி மறுபடியும் கைப்பிடியில் மாட்டினேன். தொழுகை முடிந்து வந்தவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, “போவமாண்ணே?” என்றார். போனோம்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். தூறல். அவருக்குத் துறையூர்க் கவர், எனக்கு ஸ்ரீரங்கத்துக் கவர். காவேரிப் பாலம் வரை இரண்டு பேருக்கும் ஒரே வழி. அவர் முன்னால் போனார். பாலத்தின் மேல் வைக்கோல் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் வண்டிச் சத்தத்தில் ஒரு மாடு மிரண்டு குறுக்கே திரும்பியது. பாய் பிரேக் பிடித்தார். பாதை முழுவதும் நனைந்த வைக்கோலும் சாணியும். வண்டி சறுக்கியது.

அவர் தரையில் விழுவதற்கு முன்னாலேயே ஹெல்மெட் கழன்றுவிட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன். தலை பாலத்துக் கைப்பிடிச் சுவரின் கல்லில் மோதியது. ஹெல்மெட் தனியாக உருண்டுபோய் ஒரு மாட்டின் காலடியில் நின்றது. அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

நான் இறங்கி ஓடி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜட்காவைப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தார். “கவரு” என்றார். “நான் குடுத்துடறேன் பாய்” என்றேன். அதற்கு மேல் பேச்சு இல்லை. மத்தியானத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் ஆபீஸில் விசாரித்தார்கள். ஆபீசர் நாற்காலியில் இருந்தார். ஸ்டோர் குமாஸ்தா பக்கத்தில் நின்றார். ஹெல்மெட்டின் வார் மாட்டியிருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மாட்டவேண்டும் என்று சொல்லியிருந்தது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். இரண்டும் உண்மைதான். ஏன் மாட்டவில்லை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கிலீஷில் எழுதியதைக் குமாஸ்தா தமிழில் படித்துக் காட்டினார். இறந்தவர் தன் அஜாக்கிரதையால் வாரை மாட்டாமல் ஓட்டினார் என்று இருந்தது. அஜாக்கிரதை என்ற வார்த்தையைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாவது நாள் அவர் வீட்டுக்குப் போனேன். குறுகலான சந்தில் ஓட்டு வீடு. அவருடைய மாமனார் வந்திருந்தார். என்னைக் கோரைப்பாயில் உட்காரச் சொன்னார். அவர் மகள், பாயின் மனைவி, இத்தா இருந்தாள். புருஷன் இறந்தபின் அந்த நாலு மாதம் பத்து நாளும் வேற்று ஆண்கள் கண்ணில் படக்கூடாது. உள்ளே போகிற வாசலில் ஒரு திரை தொங்கியது. நான் வந்திருக்கிறேன் என்று பெரியவர் சொன்னதும் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே, வாரை மாட்டாம அசட்டையா ஓட்டினாருன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காங்களாம். ஆள் வந்து சொல்லிட்டுப் போனாரு. அவரு அப்படிப்பட்ட ஆளா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறதுக்கே அத்தனை பார்ப்பாரே. நீங்க கூடவே இருந்தீங்கல்ல. மாட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அழுதுகொண்டு கேட்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாலு நாளாக அவள் செத்துப்போன புருஷன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

“வார் எட்டலம்மா” என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. பள்ளிவாசல் சந்தில் போட்டுப் பார்த்ததை முதலில் சொல்லிவிட்டு, அளவெடுத்த நாளைப் பிறகு சொன்னேன். அவர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்குமுன் முண்டாசை அவிழ்த்தேன். அவிழ்த்த பிறகுதான் அவளால் பார்க்கமுடியாது என்பது புத்தியில் பட்டது. பெரியவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் தட்டை, பக்கவாட்டில் அகலம் என்று திரையைப் பார்த்து வாயால் சொன்னேன்.

உள்ளே யாரோ பாத்திரத்தை நகர்த்தினார்கள்.

“அத்தா” என்று கூப்பிட்டாள். “அப்படியா இருக்கு அவரு தலை?”

பெரியவர் எழுந்து என் பின்னால் வந்தார். குனிந்து பார்த்தார். அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. மறுபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஒண்ணும் தெரியலம்மா. எல்லாருக்கும் இருக்கிற தலைதான்” என்றார்.

அவர் எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. என்னிடம் கோபமாகவும் சொல்லவில்லை. மகள் கேட்டதற்குப் பார்த்ததைச் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் நான் மறைத்து வைத்திருந்ததைப் பற்றி வேறொரு மனிதர் சொன்ன முதல் வார்த்தை அது. அந்தக் கோரைப்பாயில் அப்படியே கிடந்து செத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

“இதை ஆபீஸ்ல சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“போய்ச் சொல்லுங்க. அசட்டை இல்லைன்னு எழுதச் சொல்லுங்க. அவருக்கு அந்தப் பேரு வேணாம். உங்ககிட்ட எனக்கு வேற ஒண்ணும் கேக்கறதுக்கு இல்ல.”

மறுநாள் காலையில் ஸ்டோர் குமாஸ்தாவிடம் போனேன். முண்டாசை அவிழ்த்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். அவர் அளந்தார். பழைய புஸ்தகத்தைப் புரட்டித் தான் எழுதியிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “அன்னைக்கு அவிழ்க்கச் சொன்னேன்ல?” என்றார். அவர் சொல்லவில்லை. அதை நான் மறுக்கப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். முதல் காகிதம் மேலே போய்விட்டது என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து ஒரு தனிக் காகிதத்தில் நாலு வரி எழுதினார். படித்துக் காட்டவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, “சேர்த்துடறேன், போ” என்று மேஜை மேலிருந்த கட்டுக்கு அடியில் செருகினார்.

பாய் இடத்துக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தான். பெரிய ஹெல்மெட் அவனுக்குப் போயிற்று. பாயினுடையதை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் தக்கையைச் சீவினேன். யுத்தம் முடிகிற வரை அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். ஒரு நாளும் வலித்ததில்லை.

அந்தக் காகிதத்தை முன்னதோடு சேர்த்தார்களா என்று கேட்கப் பல நாள் குமாஸ்தாவின் மேஜை வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். பெட்ரோல் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

இத்தா முடிவதற்குச் சில நாள் முன்னால் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் வாசலில் இருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“எழுதினாங்களா?” என்றார்.

“எழுதியாச்சு.”

“அதோட சேர்த்தாங்களா?”

“சேர்த்தாச்சுங்க” என்றேன்.

அவர் உள்பக்கம் திரும்பி, “சேர்த்தாச்சாம்மா” என்று உரக்கச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. நான் வண்டியை அங்கேயே கிளப்பாமல் சந்து முனை வரை தள்ளிக்கொண்டு போனேன்.